உலக மரமும் வீதிச் சாளரமும்

சாளரத்துக்குத் தமிழில் பெயர்கள் பல. காற்று வரும் வழியாதலின் காலதர் என்றனர் முன்னோர். பல கண்களை உடையதாதலின் பலகணி என்றும் அதற்குப் பெயர் உண்டு. புகார் நகரத்து மாளிகைகளைப் பேசுமிடத்துச் சிலப்பதிகாரம் மானின் கண்போலத் துளையிட்ட காலதர்களைச் சுட்டுகின்றது. ஈழத்தில் நாம் அன்றாடம் வழங்கும் ‘யன்னல்’ என்னும் சொல்லோ போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. திருக்கோணேச்சரத்தை இடித்துத் தரைமட்டமாக்கியவர்கள், நம் வீட்டுச் சுவரில் உள்ள திறப்புக்கும் பெயர் சூட்டிச் சென்றிருக்கிறார்கள்!

பெயர் எதுவாயினும் ஆகுக. இச்சொற்களில் எதுவும் வீதியில் நிற்பவனை நினைத்துப் பிறந்ததன்று. காற்று உள்ளே வருகின்றது. உள்ளிருப்பவன் வெளியே பார்க்கின்றான். வெளியே நடந்துபோகிறவன் அந்தச் சாளரத்தில் எதைக் காண்கின்றான்? அவனுக்காக அதில் யாரேனும் எதையேனும் வைத்தார்களா? கலை யாருக்கு என்று நம்மவர்கள் மேடைதோறும் கேட்கும் கேள்வி இங்கே ஒரு சதுர அடிக் கண்ணாடிக்குள் அடங்கிவிடுகின்றது. லிங்கநகரில் எமது மாணவர் சிலர் பாடசாலைச் சாளரங்களில் வீதியை நோக்கி இயற்கைச் சித்திரம் தீட்ட முனைந்தார்கள். வடபுலத்துப் பழங்கதையில் வரும் உலக மரத்தையே அவர்கள் பொருளாகத் தேர்ந்துகொண்டார்கள். “ஊரில் இல்லாத மரமா? நோர்வேக்காரன் கதை நமக்கு எதற்கு?” என்று பெற்றோர் சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. விடை தேடப் புகுந்தபோது, அம்மரத்தின் வேர் ஒன்று இந்தத் தீவுக்குள்ளும் ஓடியிருப்பதைக் கண்டோம்.

முதலில் சாளரத்தை நோக்குவோம்.

நிறக் கண்ணாடிச் சாளரம் ஐரோப்பாவின் தேவாலயங்களில் வளர்ந்த கலை. உருகிய கண்ணாடியிலேயே நிறத்தைக் கலந்து தகடாக்குவார்கள். அத்தகட்டை வடிவத்துக்கு ஏற்றபடி துண்டுகளாக வெட்டுவார்கள். முகத்தின் கோடுகளையும் ஆடையின் மடிப்புகளையும் கபில நிறப் பூச்சால் எழுதிச் சூளையில் சுடுவார்கள். பின்னர் துண்டுகளை ஈயப் பட்டிகளால் இணைத்துச் சட்டத்தில் பொருத்துவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இக்கலைக்குப் புத்துயிர் ஊட்டியவர்களுள் வில்லியம் மொரிஸ் முதன்மையானவர். 1861ஆம் ஆண்டில் அவரும் நண்பர்களும் தொடங்கிய நிறுவனம் சாளரங்களையும் துணிகளையும் சுவர்த்தாள்களையும் செய்தது. கொடியும் இலையும் பறவையும் பின்னிப் படர்ந்த அவருடைய கோலங்கள் இன்றும் உலகெங்கும் விற்பனையாகின்றன. அவற்றை வாங்குவோரில் பலருக்கு அவர் பொதுவுடைமைவாதி என்பது தெரியாது. விற்பவர்களும் சொல்லுவதில்லை.

மொரிஸ் வடபுலத்துக் கதைகளில் மூழ்கித் திளைத்தவர். ஐஸ்லாந்தியரான எய்ரீக்கர் மக்னூசனோடு சேர்ந்து பழைய கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1871இலும் 1873இலும் ஐஸ்லாந்துக்குச் சென்று, குதிரை ஏறி அந்நாட்டின் எரிமலைப் பாழ்நிலங்களைக் கடந்தார். அங்கே அவர் கண்டது தெய்வங்களை மட்டுமன்று. ஏழைக் குடியானவர்களையும் கண்டார். வறுமை எத்துணைக் கொடியதாயினும் வர்க்க ஏற்றத்தாழ்வுக்கு முன் அது சிறிய தீமையே என்னும் பாடத்தை ஐஸ்லாந்து தமக்குக் கற்பித்ததாக 1883இல் தோழர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிட்டார். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அவர் சனநாயகக் கூட்டமைப்பில் சேர்ந்திருந்தார். 1884 முடிவதற்குள் சோசலிஸ்டுக் கழகத்தை நிறுவியோருள் ஒருவரானார்.

அதே 1883, 1884ஆம் ஆண்டுகளில்தான் அவருடைய நிறுவனம் வடபுலத் தெய்வங்களைக் கண்ணாடியில் ஏற்றியது. ஓவியர் எட்வேர்ட் பேர்ன் ஜோன்ஸ் உருவங்களை வரைந்தார். ஓடின், தோர், பிரேய் என்னும் தெய்வங்களும், கடல் கடந்து அமெரிக்கக் கரையை அடைந்த பழைய மாலுமிகளும், அலையில் ஏறி வரும் கப்பலும் அச்சாளரங்களில் இடம்பெற்றன. செய்வித்தவர் யார்? அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் நகரில் கோடைகால மாளிகை கட்டிய கதரின் லொரிலார்ட் உல்ஃப் என்னும் செல்வச் சீமாட்டி. தாய்வழிக் குடும்பம் புகையிலை வணிகத்தில் பெயர்பெற்றது. 1865 வரை அமெரிக்கப் புகையிலைத் தோட்டங்களில் யாருடைய வியர்வை சிந்தியது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. தம் மாளிகைக்கு அவர் ‘வின்லாந்து’ என்று பெயரிட்டார். வடபுல மாலுமிகள் அமெரிக்கக் கரைக்கு இட்ட பழம்பெயர் அது. புதுப்பணக்காரர் பழம்பெருமை தேடுவது நம் நாட்டில் மட்டும் நிகழும் காரியமன்று.

உழைப்பாளிக்குக் கலை வேண்டும் என்று தெருமுனையில் நின்று பேசிய மனிதரின் பட்டறை, கடலுக்கு அப்பால் ஒரு சீமாட்டியின் மாளிகைக்குத் தெய்வங்களைச் சுட்டு அனுப்பியது. மொரிஸ் இந்த முரண்பாட்டை அறியாதவரல்லர், அறிந்து துன்புற்றவர். கையால் செய்யும் நல்ல பொருள் விலை கூடியது. விலை கூடியதை வாங்க வல்லவன் செல்வனே. இந்தச் சுழலிலிருந்து பட்டறைக்குள் இருந்துகொண்டே வெளியேற வழியில்லை என்று கண்டதும் அவர் அரசியலில் இறங்குவதற்கு ஒரு காரணம் எனலாம்.

நிறக் கண்ணாடியின் இயல்பிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. பகலில் ஒளி வெளியிலிருந்து உள்ளே பாய்கின்றது. ஆகவே நிறம் உள்ளே இருப்பவனுக்கே தெரியும். வெளியில் நிற்பவனுக்கு அது கரிய தகடு. ஈயக் கோடுகளன்றி வேறொன்றும் புலப்படாது. தேவாலயத்தில் உள்ளே இருப்பது சபை; எழுதப் படிக்கத் தெரியாதவனும் அங்கே கதையை நிறத்தில் படித்தான். மாளிகையிலோ உள்ளே இருப்பது உடையவர் ஒருவரும் அவருடைய விருந்தினரும். அதே கலை, அதே சூளை, அதே ஈயம்; சுவர் யாருடையது என்பது மாறியதும் பார்வையாளரும் மாறிவிட்டார். அந்தக் கப்பற் காட்சி இப்போது டெலவேயர் கலைக்கூடத்தில் பொதுமக்கள் காண இருக்கின்றது. மாளிகையிலிருந்து மக்களிடம் வந்து சேர அதற்குப் பல்லாண்டுகள் பிடித்தன.

இனி மரத்துக்கு வருவோம். வடபுலத்தாரின் பழங்கதைகள் ‘எத்தா’ என்னும் பெயரால் வழங்கும் இரு நூல்களில் பேணப்பட்டுள்ளன. ஒன்று, ஐஸ்லாந்தின் புலவரும் தலைவருமான ஸ்னோரி 1220ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய உரைநடை நூல். மற்றொன்று, பழம்பாடல்களின் தொகுதி. 1270ஆம் ஆண்டளவில் தோலில் எழுதப்பட்ட சுவடி ஒன்றே அதற்கு முதல் ஆதாரம். ஐஸ்லாந்து கிறித்துவத்தைத் தழுவி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே இவை எழுத்தில் ஏறின. தம் முன்னோரின் தெய்வங்களை நம்பாதவர்களே அத்தெய்வங்களின் கதைகளைக் காப்பாற்றித் தந்தார்கள் என்பது நம் கவனத்துக்குரியது. சமயம் மாறினால் கதையையும் எரிக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை.

அக்கதைகளின்படி உலகத்தின் நடுவே நிற்பது இக்த்ரசில் என்னும் பெருமரம். உச்சியில் ஒரு கழுகு. அடியில் வேரைக் கடிக்கும் நீட்ஹக் என்னும் நாகம். கழுகு சொன்ன வசையை நாகத்திடமும், நாகம் சொன்ன வசையை மீண்டும் கழுகிடமும் கொண்டுபோய்க் கொடுத்து மரத்தில் ஏறியிறங்கும் அணில் ஒன்று. அதன் பெயர் ரதடோஸ்க். கோள்மூட்டியே பிழைக்கும் இப்பிராணியை நம் ஊர்களில் தேடிக் களைக்க வேண்டியதில்லை. கிளைகளின் இடையே நான்கு மான்கள் நின்று தளிரைக் கடிக்கின்றன. ஒரு பக்கம் மரம் அழுகுகின்றது. இத்தனை துன்பத்தையும் தாங்கி அது நிற்பது எவ்வாறு? வேரடியில் ஊற்று ஒன்று உண்டு. மூன்று பெண்கள் நாள்தோறும் அதிலிருந்து நீர் மொண்டு, வெண்ணிறச் சேற்றோடு கலந்து, கிளைகள் பட்டுப்போகாதபடி மரத்தின்மேல் தெளிக்கிறார்கள். தெய்வங்கள் கூடி வழக்குத் தீர்ப்பதும் அம்மரத்தடியில்தான். ஆனால் தெய்வங்கள் யாரும் தண்ணீர் சுமந்ததாகக் கதை சொல்லவில்லை.

கற்பகதரு கேட்டதைக் கொடுக்கும். இம்மரமோ எதையும் கொடுப்பதாக வாக்களிப்பதில்லை. நாள்தோறும் பராமரிப்பைக் கேட்கின்றது. இயற்கையை வற்றாத களஞ்சியமாகக் காணாமல், உழைப்பால் காக்கப்பட வேண்டிய உயிராகக் கண்டதே அக்கதையின் சிறப்பு என்பது எமது எண்ணம்.

இக்கதைகளை அச்சில் செம்மையாகப் பதிப்பித்தவர்களுள் ஒருவர் டென்மார்க்கின் மொழியறிஞர் ராஸ்முஸ் ராஸ்க். 1818இல் இரு எத்தா நூல்களின் பதிப்பும் ஸ்டொக்ஹோமில் வெளிவந்தன. அதே மனிதர் இரசியாவும் பாரசீகமும் கடந்து இந்தியா வந்து, 1821இல் கொழும்பில் தங்கிப் பாளியும் சிங்களமும் கற்றார். ஏட்டுச் சுவடிகளைத் திரட்டிக் கொண்டு 1823இல் கோப்பன்ஹேகன் சேர்ந்தார். உலக மரத்தின் கதையை மனத்தில் சுமந்த ஒருவர் நம் கரையில் இறங்கியது அப்போது. ஆயின் அவர் இங்கிருந்து கொண்டுபோனவரே அன்றி இங்கே அக்கதையை இறக்கியவரல்லர்.

இறக்கியவர் ஆனந்த குமாரசுவாமி.

1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி. தாய் ஆங்கிலேயப் பெண்மணி. குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்து, நிலவியலும் தாவரவியலும் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகப் பணியாற்றினார். தோரியனைற் என்னும் கனிமத்தை 1904இல் கண்டறிந்தவர் அவரே. வடபுலத் தெய்வமான தோரின் பெயரிலிருந்து வந்த தோரியம் என்னும் மூலகத்தைக் கொண்டதால் அப்பெயர் அக்கனிமத்துக்கு வாய்த்தது. இவ்விஞ்ஞானி 1905ஆம் ஆண்டில் ‘வொலுஸ்பா’ என்னும் எத்தாப் பாடலை ஐஸ்லாந்திய மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்துக் கண்டியில் அச்சிட்டு வெளியிட்டார். குறிசொல்லும் ஒருத்தியின் வாக்கு என்பது அப்பெயரின் பொருள். உலகம் தோன்றியதையும், மரத்தையும், வேரடிப் பெண்களையும், உடன்பிறந்தார் ஒருவரையொருவர் கொன்று உலகம் கடலில் அமிழ்வதையும், பின்னர் பசுமையோடு நிலம் மீண்டும் எழுவதையும் அப்பாடல் சொல்கின்றது. ஒரு தமிழரின் மகன், சிங்களக் கைவினையை ஆராய்ந்துகொண்டிருந்த நாட்களில், கண்டி நகரத்து அச்சுக்கூடத்தில் வடபுலத்து மரத்தை நட்டார் என்றால் இன்று கேட்பவர்க்கு நம்ப அரிதாக இருக்கும்.

அவ்வாண்டிலேயே அவர் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவினார். மேனாட்டாரின் உடையையும் நடையையும் கண்மூடிப் பின்பற்றும் கூட்டத்தைக் கடிந்து பேசினார். அன்னிய மோகத்தைக் கண்டித்தவரே அன்னியரின் பழம்பாடலை மொழிபெயர்த்தது முரண் அன்று. ஆள்வோனின் சட்டையை அணிவது வேறு. தூரத்து மக்களின் கற்பனையை அறிந்து மகிழ்வது வேறு. பெற்றோர் கேட்ட கேள்விக்கு இதனையே முதல் விடையாகச் சொன்னோம்.

மொரிசின் மாணாக்கர் என்றே குமாரசுவாமியைச் சொல்லலாம். அவருடைய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல், மொரிசின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் இருந்த அதே கையச்சுப் பொறியில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அடிக்கப்பட்டது; 425 பிரதிகள். கண்டிப் பிரதேசத்துத் தச்சரும் தட்டாரும் நெசவாளரும் சித்திரகாரரும் செய்தவற்றை, அவர்கள் கைவிட்டுப் போகுமுன் அவர் பதிவுசெய்தார். இலையும் கொடியும் அன்னமும் எவ்வாறு கோலமாகின்றன என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். இந்நூல் இல்லையேல் நாம் இழந்திருக்கக்கூடியவை பல.

நன்றி கூறிய வாயாலேயே குறையையும் கூற வேண்டும். மொரிஸ் மத்தியகாலத்தைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு எதிர்காலத்தை நோக்கி நடந்தார். குமாரசுவாமி பெரும்பாலும் திரும்பிப் பார்த்தபடியே நின்றுவிட்டார். கலைஞனுக்கு அரசன் நிலம் கொடுத்தான், அவன் கவலையின்றித் தொழில் செய்தான் என்று அவர் மகிழ்ந்து எழுதும் இடங்களில் நமக்கு மகிழ்ச்சி பிறப்பதில்லை. அந்த நிலம் சேவகத்துக்குக் கட்டுண்ட நிலம். தட்டான் மகன் தட்டானாகவே இருக்க வேண்டும் என்பது அதன் மறுபக்கம். இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1830களின் தொடக்கத்தில் ஒழிந்ததற்கு அதை ஒழித்த ஆங்கிலேயனின் நோக்கம் எதுவாயினும், அதில் கட்டுண்டவன் அழுதிருக்க மாட்டான். மேலும் அந்த 425 பிரதிகளுள் ஒன்றைக் கையில் எடுத்துத் தன் தொழிலின் வரலாற்றைப் படிக்க, அதில் பேசப்பட்ட கண்டிக் கைவினைஞனுக்கு ஆங்கிலமும் இல்லை, அதன் விலைக்குப் பணமும் இல்லை. நியூபோர்ட் சாளரத்தைப் போலவே இந்நூலும் உள்ளே இருப்பவர்க்கே நிறம் காட்டியது.

இடையில் நேர்ந்த ஓர் இழிவைச் சொல்லாமல் மேலே செல்லுதல் தகாது. வடபுலக் கதைகளை ஜெர்மனியின் நாசிகள் தம் இனவெறிக்குக் கொடியாக்கினார்கள். அவர்களுடைய கொலைப்படையின் சின்னமே பழைய ரூண் எழுத்தின் வடிவில் அமைந்தது. 1940 ஏப்ரல் 9ஆம் நாள் நாசி ஜெர்மனி, எந்த மக்களின் மூதாதையரைப் போற்றுவதாகச் சொன்னதோ அதே நோர்வேயின் மீது பாய்ந்தது. (சரியாக ஈராண்டு கழித்து, 1942 ஏப்ரல் 9ஆம் நாள், அதன் கூட்டாளியான ஜப்பானின் விமானங்கள் நமது திருகோணமலையில் குண்டு பொழிந்தன.) ஆதலால் வடபுலக் கதை என்றதும் முகம் சுளிக்கும் தோழர்களை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் திருடன் தொட்ட பாத்திரத்தைத் திருடனுக்கே கொடுத்துவிடுவதா?

நோர்வே மக்கள் கொடுத்துவிடவில்லை. ஒஸ்லோ நகரமன்றத்தின் கட்டட வேலை 1931இல் தொடங்கிப் போரால் தடைப்பட்டு, 1950இல் மன்றம் திறக்கப்பட்டது. அதன் வெளிமுற்றத்தில் டக்ஃபின் வேரன்ஷோல்ட் என்னும் கலைஞர் மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய 16 புடைப்புச் சித்திரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. இக்த்ரசில் சித்திரவரிசை என்பது அதன் பெயர். கதவு இல்லை, காவலாளி இல்லை, கட்டணம் இல்லை. மன்றத்துக்கு வரி செலுத்த வருகிறவனும் மழைக்கு ஒதுங்குகிறவனும் பார்த்துக்கொண்டு போகலாம். அதே கட்டடத்தின் துறைமுகப் பக்கத்தில், அதைக் கட்டிய தொழிலாளரின் உருவங்கள் ஆறு நிற்கின்றன. நாசிகள் அபகரித்த கதையை நாசிகள் வீழ்ந்து ஐந்தாண்டுக்குள் ஒரு நகரம் வீதிக்குக் கொண்டுவந்தது. கண்ணாடியில்லை, ஆயினும் மொரிசின் சாளரம் திரும்ப வேண்டிய பக்கம் இதுவே.

பழஞ்சுவடியின் பயணமும் இத்தகையதே. எத்தாப் பாடல்களின் தோற்சுவடி 1662இல் டேனிய அரசனுக்கு அனுப்பப்பட்டது. ஐஸ்லாந்து விடுதலை பெற்ற பின் அதைத் திருப்பிக் கேட்டது. 1971 ஏப்ரல் 21ஆம் நாள் கப்பலில் அது வந்திறங்கியபோது, ரெய்க்யவிக் துறைமுகத்தில் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நின்று வரவேற்றனர். ஒரு புத்தகத்துக்காகத் துறைமுகம் நிறைந்தது.

துறைமுகம் என்றதும் நமது துறைமுகம் நினைவுக்கு வருகின்றது. நோர்வேயையும் ஐஸ்லாந்தையும் அன்று ஆண்ட டேனிய அரசனின் கப்பல்கள் 1620இல் ஓவெ யெட்டெ என்பவனின் தலைமையில் திருகோணமலைக்கு வந்தன. இங்கே காலூன்ற முயன்று, இயலாமல், தஞ்சை நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்று அங்கே கோட்டை கட்டின. அவர்கள் மூட்டைகளில் உலக மரத்தின் கதை இல்லை. மிளகுக்கும் கறுவாவுக்குமான கணக்குப் புத்தகம் இருந்தது. அடுத்து வந்த போர்த்துக்கேயர் சில ஆண்டுக்குள் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். ஆங்கிலேயர் 1803இல் அதற்குப் பிரடெரிக் கோட்டை என்று பெயரிட்டனர். அதன் வாயில் நிலைக்கல்லில் கயல்மீன் உருவமும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் உள. மன்னர், தளபதி, தேசாதிபதி எல்லாரும் போயினர். போவார் வருவார் காண வாயிலில் நிற்பது மீன்.

அந்தக் கோட்டைக்குள்ளும் நகர வீதிகளிலும் புள்ளிமான்கள் திரிகின்றன. திருகோணமலைக்கு முதன்முறை வருகிறவர்கள் கடைவாயிலில் மான் நிற்பதைக் கண்டு வியப்பார்கள். நமக்கு வியப்பில்லை, வேதனைதான். குப்பையில் கிடக்கும் பொலித்தீன் பைகளைத் தின்று அவை மாண்டுபோகும் செய்தியை அவ்வப்போது படிக்கின்றோம். உலக மரத்தின் நான்கு மான்களை நாம் வகுப்பில் சொன்ன அன்று, மாணவர்க்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

இந்நகரில் வீதியை நோக்கி வைக்கப்படும் உருவம் எளிய காரியமன்று என்பதையும் மறைக்காமல் எழுதுகின்றோம். 2005 மே மாதத்தில் நகரின் சந்தைப் பகுதியில் திடீரென நிறுவப்பட்ட புத்தர் சிலை கதவடைப்பையும் வன்செயலையும் கொணர்ந்தது. அன்பைப் போதித்தவரின் உருவம் எல்லைக் கல்லாக நடப்பட்டது. அப்போது போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க நோர்வே, ஐஸ்லாந்து, டென்மார்க், சுவீடன், பின்லாந்து நாட்டவர் 2002 முதல் இங்கே இருந்தார்கள். 2008 தொடக்கத்தில் அக்கண்காணிப்பு முடிவுற்றது. எம் வயதினர்க்கு நோர்வே என்றால் தோர் நினைவுக்கு வருவதில்லை. வெள்ளை வாகனமும் முறிந்த ஒப்பந்தமுமே நினைவுக்கு வரும். ஒவ்வொரு தரப்பும் தன் தெய்வத்தைச் சந்தியில் நிறுத்தி மற்றவனை எச்சரிக்கும் ஊரில், எவனுடைய தெய்வமும் ஆகாத ஒரு மரத்தைச் சாளரத்தில் வைப்பதில் பொருள் உண்டு என்று கருதினோம். பெற்றோர்க்கு நாம் சொன்ன இரண்டாம் விடை இது.

ஆயினும் இக்த்ரசில் குளிர்நாட்டு மரம். அதன் இலையை எமது மாணவர் கண்டதில்லை. காணாத இலையை வரைவதில் உயிர் இராது. ஆதலால் கோணேசர் கோயிலின் தலமரமாகிய கல்லால மரத்தின் இலையையும் ஆலின் விழுதையும் கொண்டு அதை வரைய முடிவாயிற்று. கழுகுக்குப் பதிலாகச் செம்பருந்து. நாகத்தை மாற்ற வேண்டிய தேவை ஏற்படவில்லை. நீர் தெளிக்கும் மூவரும் குழாயடியில் குடத்தோடு நிற்கும் நம் தாய்மார்.

மரத்தைச் சாளரத்தில் நட்டதில் நமக்கு முன்னோடி நெடுந்தொலைவில் இல்லை. அகமதாபாத்தில் சீதி சையத் பள்ளிவாசலின் கற்சாளரங்கள் 1572, 1573ஆம் ஆண்டுகளில் அமைந்தவை. கட்டுவித்தவர் ஆபிரிக்க வழிவந்த சீதி குலத்தவர். ஒன்றோடொன்று பின்னிய கிளைகளும் நடுவே பனையும் கல்லில் நரம்பு நரம்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே இருப்பவர்க்கு அது ஒளியில் எழுதிய மரம். வீதியில் நடப்பவர்க்குக் கல்லில் எழுதிய மரம். இரு பக்கத்துக்கும் முகம் காட்டும் சாளரம் இதைப்போல் வேறொன்றை நாம் அறியோம். செதுக்கிய கைகளின் பெயர் வழக்கம்போல் நமக்கு எஞ்சவில்லை.

கல்லும் நிறக் கண்ணாடியும் எமது பாடசாலைக்கு எட்டாதவை. முதலில் வெசாக் கூட்டின் முறையை எண்ணினோம். மூங்கிற் சட்டமும் மெல்லிய நிறத்தாளும் உள்ளே ஒரு விளக்கும் போதும். நிறம் இயல்பாகவே வீதிப் பக்கம் விழும். அவ்வகையில் சிங்கள மக்களின் அந்த எளிய கூடு, மொரிசின் சாளரத்தைவிட வீதிக்கு நெருக்கமானது. ஆனால் அது இரவுக் கலை. பாடசாலை வீதியில் நடமாட்டம் பகலில்தான்.

இறுதியில் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தின் வழி தெரிந்தது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அங்கே வளர்ந்த கலை. கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டி முன்புறத்திலிருந்து பார்ப்பது அதன் முறை. அதை யன்னலுக்கு இயைத்தால், உள்ளே நின்று தீட்டலாம், வீதியில் நின்று பார்க்கலாம். மழையும் கடற்காற்றும் வண்ணத்தைத் தொடா. பகலிலும் வண்ணம் கரிய தகடாகாது. ஆனால் வேலை முழுவதும் தலைகீழ். சாதாரணச் சித்திரத்தில் கடைசியில் வைக்கும் புள்ளியை இங்கே முதலில் வைக்க வேண்டும். அதன்மேல் மானின் உடல், அதன்மேல் இலை, எல்லாவற்றுக்கும் பின்னால் வானம். இடம் வலமாகும், எழுத்தைக் கண்ணாடியில் கண்ட முகம்போல் மாற்றி எழுத வேண்டும். ஒருமுறை மேல்வண்ணம் பூசிய பிறகு அடியில் உள்ளதைத் திருத்த இயலாது.

செம்பருந்தும் நாகமும் அணிலும் முடிந்துவிட்டன. மூன்று தாய்மாருள் இருவர் வந்துவிட்டனர். மான்களில் மட்டும் வேலை நிற்கின்றது. தளிரைக் கடிப்பதாகவே தீட்ட வேண்டும், கதையில் அவ்வாறுதான் உள்ளது என்கின்றனர் ஒரு சாரார். நமது மான் பொலித்தீன் பையைத்தான் கடிக்கின்றது, கண்டதைத் தீட்டுவோம் என்கின்றனர் மற்றொரு சாரார். பின்புறத்திலிருந்து தீட்டும் ஓவியத்தில் மானின் வாயில் இருப்பதை மானுக்கு முன்னரே தீட்டியாக வேண்டும். ஆகவே இதைத் தள்ளிப்போட இடமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்புக் கூடி முடிவு செய்வதாக இருக்கின்றார்கள்.